ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகு குணசேகரன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அறந்தாங்கியில், ஒரு செல்போன் கடையில். என் போனில் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் நாகராசு துளைக்குள் ஊசியை விட்டுப் பஞ்சு பஞ்சாக அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவரிடம் கேட்டார்:

“தம்பி, ஒரு ஆளு ஒம்பது நிமிசம் வரைக்கும் மோசமா வெளாடிட்டு, அதுக்கப்பறம் திடீர்னு பிரமாதமா வெளாடுவாரா? வாராவாரம் இப்படியே நடக்குமா?”

நாகராசு நிமிராமலே யாரென்று கேட்டார். தன் வீட்டுக்காரர் என்றார் அந்தப் பெண்.

அதற்குள் என் போன் சரியாகிவிட்டது. நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். நாகராசு என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. ஐந்து நிமிடம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். இந்தக் கதையை எழுதும் வேலையும் மிச்சமாகியிருக்கும்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்குத் திலகவதி என்று பெயர் வைத்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். கணவருக்குக் குணசேகரன் என்று பெயர். குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை. அதற்குப் பிறகு மூன்று முறை எழுதி மூன்று முறையும் பாதியில் விட்டேன். இது நான்காவது. களைப்பாக இருக்கிறது. அதை மறைக்கப்போவதில்லை, இந்தக் கதைக்கும் களைப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது.

2

முதல் முறை எழுதிய தொடக்கம் இது:

வானத்திலிருந்து நாற்பது பேர் குதித்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும்

[விட்டுவிட்டேன். இந்தப் போன் விளையாட்டைத் தெரியாதவர்கள் இதைப் போர்க்கதை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.]

இரண்டாவது:

கடல் கடந்து போன கணவனுக்காகத் திலகவதியின் விழிகள் வழிமேல்

[இதை நான் எழுதவில்லை. என் கை எழுதியது. இதைப் பற்றி ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.]

மூன்றாவது முறை, விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று முதலில் விளக்கிவிடலாம் என்று தோன்றியது. நான்கு பக்கம் விளக்கினேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கதை மட்டும் அதில் இல்லை. அந்த நான்கு பக்கத்தில் தேவையானது இவ்வளவுதான்:

ஒரு தீவு. நாற்பது பேர், இரண்டிரண்டு பேராக இறங்குகிறார்கள். வீடுகளில் துப்பாக்கியும் மருந்தும் கிடக்கும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் சாவு. கடைசியாக மிஞ்சும் ஜோடிக்கு வெற்றி. யாருமே யாரையும் சுடாவிட்டாலும் இருபத்தாறாவது நிமிடத்தில் வட்டம் மூடி ஆட்டம் முடிந்துவிடும். இந்த நாற்பது பேரில் எல்லோரும் மனிதர்கள் அல்ல. ஆள் சேரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகவும், தோற்றுத் தோற்று மனம் விட்டுப்போகிறவர்கள் எப்போதாவது ஜெயிப்பதற்காகவும், கம்பெனியே கணினி ஆட்களை நடுவில் கலந்துவிடும். அவர்களுக்கு ‘பாட்’ என்று பெயர்.*

* இந்த விளையாட்டை எந்தப் போனிலும் தேடாதீர்கள். கதைக்காக நான் செய்தது. விதிகளும் நான் வைத்தவைதான். ஆனால் வைத்த பிறகு நானே மீறமாட்டேன்.

3

திலகவதி வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் காலையில் வெறும் வயிற்றுக்காரர்கள் வருவார்கள். மாலையில் மற்றவர்கள். நடுவில் மூன்றரை முதல் நாலு மணி வரை பின்னறை அவளுடையது. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒரு மூலையில் இரைந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த அரை மணி நேரத்துக்கு அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். குவைத்தில் அப்போது ஒரு மணி. குணசேகரனுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை.

பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் அறையில் ஆறு பேர். மூன்று பேருக்கு இரவு வேலை, பகலில்தான் தூங்குவார்கள். அந்த அறையில் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். வெளியே போய்ப் பேசலாம் என்றால் வெயில் ஆளைத் தின்றுவிடும். மற்ற நாட்களில் கம்பெனி வண்டியில் போகும்போது ஐந்து நிமிடம் பேசுவார். அந்த ஐந்து நிமிடத்தில் சாப்பாடும் உடம்பும் மட்டும்தான் அடங்கும். அதனால் வெள்ளிக்கிழமை இருவரும் வாய் திறக்காமல் ஒரு தீவில் இறங்கி, பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். யோசனை அவளுடையது.

குணசேகரன் மோசமாக விளையாடுவார். அதுவும் அவளுக்குத் தெரிந்த மோசம். கிடங்கில் பொருள் பிரித்து அடுக்குகிறவர் அல்லவா, வீட்டுக்குள் நுழைந்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ கிடப்பதையெல்லாம் பொறுக்குவார். பையில் இடம் போதாமல் பாதியைக் கீழே வைப்பார். எதிரி சுடும்போது பை திறந்தபடி நிற்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். வாரத்தில் அவள் அவரைப் பார்த்துச் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

சித்திரையில் இது மாறியது. ஏதோ ஒரு நிமிடத்தில் குணசேகரன் பொறுக்குவதை நிறுத்திவிடுவார். அவளுக்குப் பத்தடி பின்னால், இடது பக்கமாக, அளந்து வைத்தமாதிரி வருவார். அவளை யாராவது சுட்டால் மறுநொடி அவன் விழுவான். முதலில் பதினாலாவது நிமிடத்தில் நடந்தது. பிறகு பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது. ஆட்டம் முடிந்து வெற்றிப் பாட்டு ஒலித்த கையோடு அவரிடமிருந்து மெசேஜ் வரும்: “சூப்பர் திலகா.”

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சொல்லக் கூச்சமான சந்தேகம். போனை அறையில் யாரிடமாவது கொடுத்துவிடுகிறாரோ? ‘இந்தா, கொஞ்ச நேரம் நீ வெளாடு’ என்று? அப்படியானால் வாராவாரம் அவளுக்குப் பத்தடி பின்னால் நடப்பது யார்? முகம் தெரியாத ஒருத்தரோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா? வாரத்துக்கு அரை மணி நேரம். அதைக்கூட அவர் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டாரா? அவளுக்குத் தெரிந்தாக வேண்டியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சுற்றி வளைத்துக் கேட்டாள். அந்தச் செவப்பு லாரிக்குப் பின்னால நின்னு ரெண்டு பேரை அடிச்சீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க என்றாள்.

“ம்… பழகிருச்சு” என்றார் குணசேகரன்.

அந்த ஆட்டத்தில் சிவப்பு லாரியே கிடையாது.

4

இப்போது செவந்தி வர வேண்டும். இவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. பரிசோதனை நிலையத்தில் ரசீது போடுகிறவர், திலகவதியைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் அதிகம். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டாவது போன் ஒன்று தேவைப்பட்டது. அதைக் கொண்டுவரத்தான் செவந்தியைப் படைத்தேன். முந்தைய வடிவத்தில் போனைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிட்டார். இந்த முறை போக மறுக்கிறார்.

நாகராசு சொன்ன பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். (நான் கேட்காத பதில். ஆனால் அவர் தொழில் தெரிந்தவர், இதைத்தான் சொல்லியிருப்பார்.)

“அக்கா, அது அண்ணன் இல்ல. பாட். ஒண்ணரை நிமிசம் நம்ம விரலு படலைன்னா, ஆளு போயிட்டாருன்னு கம்பெனியே அவரு எடத்துல ஆளு போட்டுரும். பேரு, சட்டை எல்லாம் அவருதுதான் இருக்கும். விரலு பட்டதும் திருப்பிக் குடுத்துரும்.”

திலகவதி கேட்டாள்:

“அப்ப அவரு எங்க போயிட்டாரு?”

நாகராசு அடுத்த போனைத் திறந்தார்.

பாட் என்று அவர் சொன்னதை அவள் உடனே நம்பிவிடவில்லை. அவள் தொழிலில் ஒரு முறை உண்டு. நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும் முன், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். தெரிந்ததற்குச் சரியான விடை வந்தால்தான் தெரியாததற்கு வரும் விடையை நம்பலாம். அவளுக்குத் தெரிந்த பாட் ஒன்று வேண்டும். யாரும் தொடாத ஒரு போன்.

“எதுக்குடி என் போனு?” என்றார் செவந்தி. “ஒன் போன்ல சுட்ட பொணமெல்லாம் பத்தலையா?”

“சும்மா மேசை மேல இருக்கட்டும்க்கா. தொடக்கூடாது. நான் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“கொழம்புச் சட்டியக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல.”

இருவர் பெயரிலும் ஜோடியாக ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆனதும் செவந்தியின் பெயரில் ஒரு பாட் எழுந்து நடந்தது. பத்தடி பின்னால், இடது பக்கம். திலகவதி அதை வீடு வீடாக அழைத்துப் போனாள். நேர்கோட்டில் வந்தது. தேவையில்லாததைத் தொடவில்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் விளையாடத் தெரியாத ஒரு மனிதரும் பொருளைத் தொடாமல் இருக்கலாம். நன்றாக விளையாடுகிற மனிதரும் நேராக வரலாம். இவற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பதினோராவது வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி முழுக்கக் கதவுகள் ஆவென்று திறந்து கிடந்தன.

செவந்தியும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எம் பேர வச்சுக்கிட்டு கதவச் சாத்தாம வருது பாரு. எங்க மாமியா பாத்தா என்னையத்தான் திட்டும்.”

(போனுக்காகப் படைத்த ஆள், கதையின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இனி இவரைச் சந்தேகிக்கமாட்டேன்.)

5

குணசேகரன் கதவைச் சாத்துவார். விளையாட்டில் அதனால் ஒரு பயனும் இல்லை. சத்தம்தான் வரும், எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். ஆனாலும் நுழைந்ததும் திரும்பிச் சாத்துவார். மூன்று பேர் தூங்கும் அறைக்குள் நாலு வருடமாக நுழைந்து நுழைந்து வந்த பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எண்ணினாள். முதல் ஆறு நிமிடத்தில் ஐந்து வீடு. ஐந்து கதவும் சாத்தப்பட்டன. ஆறாவது வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. நேரம் எட்டரை நிமிடம்.

ஆக, போன் வேறொருவர் கையில் இல்லை. யார் கையிலும் இல்லை. அது அவளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அவர் எங்கே?

அதற்கு அடுத்த வாரம், பதினோராவது நிமிடத்தில், தீவின் வடக்கே ஒரு மேட்டில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது குணசேகரன் பெயருக்குப் பக்கத்தில் மைக் படம் பச்சையானது. இத்தனை மாதத்தில் ஒருநாளும் ஆகாதது.* அவள் நின்றாள். அவரும் பத்தடி பின்னால் நின்றார். தூரத்தில் எவனோ சுட்டான். குணசேகரன் திரும்பி ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். வீழ்த்திய அதே நேரத்தில் அவரிடமிருந்து குறட்டை வந்தது.

* விளக்கிவிடுகிறேன். ஆள் இருக்கிறாரா என்று விளையாட்டு பார்ப்பது நடக்க வைக்கும் வட்டத்தில் இடது கட்டைவிரல் படுகிறதா என்பதை மட்டும்தான். மைக் பொத்தான் மேலே வலது மூலையில் இருக்கிறது. போன் சரிந்து கன்னத்தில் பட்டால் போதும், மைக் திறந்துகொள்ளும். பாட் அப்படியே இருக்கும்.

நீளமான, கனத்த குறட்டை. இயந்திரத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அவள் இயர்போனைக் கழற்றிவிட்டுப் போனையே காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். காதில் வைத்தால் திரையைப் பார்க்க முடியாது. பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் அந்தக் குறட்டைக்கு அவள் சண்டை போட்டிருக்கிறாள். நடுவில் ஒருமுறை நின்றது; அவளும் மூச்சை நிறுத்தினாள்; மறுபடி வந்தது.

ஒன்றரை நிமிடம் போனது.

விதியை நான் மீறமாட்டேன் என்று சொன்னேன். திலகவதியின் விரலும் படவில்லை. கம்பெனி அவள் இடத்திலும் ஆள் போட்டுவிட்டது. இப்போது தீவில் குணசேகரனும் இல்லை, திலகவதியும் இல்லை. அவர்கள் பெயரில் இரண்டு பாட்கள் தோளோடு தோளாக மேட்டை விட்டு இறங்கி, ஒரு தப்பும் இல்லாமல் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டே போயின. பதினாறாவது நிமிடத்தில் ஜெயித்துவிட்டன.

வெற்றிப் பாட்டு அவள் காதில் வெடித்தது. அவர் காதிலும் வெடித்திருக்க வேண்டும், குறட்டை அறுந்தது. மைக் அணைந்தது. மெசேஜ் வந்தது.

“சூப்பர் திலகா. செமையா வெளாண்ட.”

“நீங்களுந்தான்” என்று அவள் எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டாள். ஒன்பதில் தூங்கியிருந்தால் ஏழு நிமிடம். பாட்கள் நன்றாக விளையாடியதால் அவர் தூக்கம் ஏழே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். நான் எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

முதல் முடிவு: அவள் அவரிடம் சொல்லிவிடுகிறாள். அவர் வெட்கப்படுகிறார். அடுத்த வாரம் தூங்காமலிருக்கச் சுவரோரம் நின்றுகொண்டே விளையாடுகிறார். [இதை எழுதி முடித்தபோது எனக்கே கால் வலித்தது. எடுத்துவிட்டேன்.]

இரண்டாவது முடிவு: இனி விளையாட்டு வேண்டாம், தூங்குங்கள் என்கிறாள். [இதை அவள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டாள். ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை தலைவலி, இன்றைக்கு வேண்டாம் என்று மெசேஜ் போட்டாள். கோபமா என்று மூன்று முறை கேட்டார். பிறகு வெயிலில் வெளியே போய் நின்று கூப்பிட்டார். அன்றைக்கு அவர் ஒரு நிமிடமும் தூங்கவில்லை.]

மூன்றாவது முடிவு: குறட்டையைக் கேட்ட திலகவதியின் கண்களில் நீர் திரண்டது. மறுமாதமே வேலையை உதறிவிட்டு, பெட்டியோடு குணசேகரன் வாசலில் வந்து நின்றான். இருவரும் ஒருவரையொருவர்

[இது நான் இல்லை.]

ஆறாவது பகுதியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதுதான் அது. எழுதுகிறவன் களைத்துக் கண்ணயர்ந்தாலும் கை நிற்பதில்லை. பழக்கம் அவன் இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே போகும், அவன் பெயரிலேயே. வாக்கியம் தடுமாறாது. நேர்கோட்டில் போகும். தேவையில்லாத எதையும் குனிந்து எடுக்காது. என்னைவிடச் சீக்கிரமாக முடித்துவிடும், எல்லோருக்கும் பிடிக்கிறமாதிரியும் முடிக்கும். குவைத்து வேலையை உதறச் சொல்வது அதற்கு ஒரு வரி. அவர் ஏன் போனார், உதறினால் என்ன ஆகும் என்றெல்லாம் அது கேட்காது. முதல் மூன்று முறையும் அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று. இந்த முறை ‘நின்றான்’ என்ற சொல்லில் பிடித்தேன். இத்தனை பக்கம் நான் அவரை ‘அவர்’ என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. தனக்குத் தெரியும் என்று அவள் என்றைக்காவது அவரிடம் சொல்வாளா, சொன்னால் எப்படிச் சொல்வாள், அதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் களைத்துப்போகாத ஒரு நேரத்தில் யோசித்துப் பாருங்கள். அதுவரை வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு என்ன செய்வது என்பதை மட்டும் திலகவதி கண்டுபிடித்துவிட்டாள். நான்கு வாரம் சோதித்தாள். நான்கு வாரமும் சரியாக வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

7

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியதும் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குள் அவள் முதலில் நுழைய வேண்டும். பின்னால் வருகிறவர் கதவைச் சாத்தினால் அது குணசேகரன்; அவரோடு சேர்ந்து நடக்கலாம், பொறுக்கலாம், சுடலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவு திறந்தே கிடந்தால் அவர் தூங்கிவிட்டார். அதற்குமேல் அவள் யாரையும் சுடக்கூடாது. சுட்டால் திருப்பிச் சுடுவார்கள். அவளைச் சுட்டால் பாட் அவர்களை வீழ்த்திவிடும். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். அவள் செத்தாலும் முடிந்துவிடும். வரைபடத்தில் வட்டத்தின் நடுவில் ஒரு வீடாகப் பார்த்து உள்ளே போய் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தால் கூடவே பாட் உட்காரும். விரலை மட்டும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை லேசாக அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் இடத்துக்கும் ஆள் வந்துவிடும்.

இப்படி இருந்தால் ஆட்டம் இருபத்தாறு நிமிடம் வரை போகும். ஒன்பதில் தூங்கினால் பதினேழு நிமிடம் கிடைக்கும்.

திறந்து கிடக்கும் கதவை அவளே போய்ச் சாத்திவிட்டு வர வேண்டும்.